பஸ் நின்ற இடத்தில் ரயில் நின்றது: மண்டபம் பற்றி ஒரு நேயரின் கேள்வி

அடுத்த கேள்வி கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "பாம்பன் பாலத்தை மூடியபோது ராமேஸ்வரம் ரயில்களை வேறு பாதையில் திருப்பிவிடாமல், கடலுக்கு இந்தப் பக்கம் கடைசி ஊரான மண்டபத்தோடு ஏன் நிறுத்தினார்கள்? என் அப்பா, அந்தக் காலத்தில் பஸ்தான் மண்டபத்தோடு நிற்கும், ரயில் மட்டும்தான் தீவுக்குள் போகும் என்கிறார். அது உண்மையா?"

அப்பா சொல்வது முழுக்க உண்மை தம்பி. சாலைப் பாலம் திறந்ததே 1988 அக்டோபரில்தான். ரயில் பாலமோ 1914லிருந்து இருக்கிறது. நடுவில் எழுபது வருஷத்துக்கு மேல், தரைவழியாகத் தீவுக்குள் போக ரயிலை விட்டால் வேறு வழி இல்லை. ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனுக்குப் போய், ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் பாலத்தில் ரயிலை விட மாட்டார்கள். அப்படியானால் பஸ்ஸில் வந்தவரும் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

சரி, 2022க்கு வருவோம். டிசம்பர் கடைசியில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். திருப்பிவிட வேண்டுமென்றால் இரண்டாவது பாதை ஒன்று இருக்க வேண்டும். தீவுக்கு இருப்பது ஒரே தண்டவாளம். அதனால் ரயில்கள் ராமநாதபுரத்தோடும் மண்டபத்தோடும் நின்றன. அங்கிருந்து ஜனங்களை ராமேஸ்வரம் கொண்டுபோனது பஸ். அப்பா காலத்தில் நடந்தது அப்படியே தலைகீழாகிவிட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய தூக்குப் பாலம் திறந்த பிறகுதான் ரயில் மறுபடியும் கடலைத் தாண்டியது.

திருப்பிவிடுவது என்றால் என்ன என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 கடைசியில், கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் வழியிலுள்ள விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள். 2010ல்தான் பயணிகள் ரயில் திரும்பி வந்தது. அதுவரை தெற்கே போகும் ரயில்களெல்லாம் விருத்தாசலம், அரியலூர் வழியாக, அதாவது கார்டு லைன் என்கிற குறுக்குப் பாதையில் ஓடின. ரயில்வே கணக்கில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சிதம்பரம், சீர்காழிக்காரர்களுக்குச் சென்னை போக பஸ்தான் கதி. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மாற்றுப்பாதை அறிவிக்கும்போது நடுவில் விட்டுப்போகும் ஊர்களுக்கு என்ன பஸ், எத்தனை மணிக்கு என்பதையும் அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும். அதைச் செய்வதே இல்லை.

அப்புறம் இன்னொன்று. 1964 டிசம்பர் புயல் வரைக்கும், மெட்ராஸிலிருந்து இலங்கைக் கப்பலைப் பிடிக்கப் போகும் ரயிலான போட் மெயில் ராமேஸ்வரத்துக்கே போகாது. பாம்பனிலிருந்து நேராகத் தனுஷ்கோடி போகும், அங்கே இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பல் நிற்கும். ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பனில் இறங்கி வண்டி மாறுவார்கள். புயலில் அடிபட்ட பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடி பாதையைத் திரும்பப் போடவே இல்லை. ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து நேராக ரயில் வந்த ஊருக்கு, வெகுகாலம் பஸ்கூட முகுந்தராயர் சத்திரம் வரைதான். அதற்கு மேல் மணலில் வேனோ ஜீப்போ. 2017ல் அரிச்சல்முனைக்குச் சாலை திறந்ததும்தான் அந்த நிலை மாறியது.

உங்கள் அப்பா மாதிரி மண்டபத்தில் பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறியவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த ஊர் பஸ், எத்தனை மணிக்கு மண்டபம் வரும், எந்த ரயிலைப் பிடிப்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பக்கவாட்டில் 'மருதுபாண்டியர்' என்று எழுதியிருந்த அந்தக் காலத்து அரசு பஸ்ஸின் டிக்கெட் வீட்டில் இருந்தால் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.