பந்து வருவதற்கு முன்னால்

(ஒரு கால்பந்துக் குழுவின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் ஜெர்சியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். மைதானத்திலிருந்து நேராக வந்திருக்கிறீர்கள், முழங்காலில் ஒட்டிய மண்கூட இன்னும் உதிரவில்லை.

மேடைக்கு வரும் முன் இவர்களில் ஏழெட்டுப் பேரிடம் எந்த இடத்தில் ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். அநேகமாக எல்லோரும் ஃபார்வர்ட் என்றார்கள். ஒரு பையன் மட்டும், "என்னை மிட்ஃபீல்டுல போட்டுட்டாங்க சார்" என்றான். ஏதோ தண்டனை கிடைத்ததுபோல அவன் சொன்ன விதம் எனக்குத் தைத்துவிட்டது. தம்பி, இன்றைய பேச்சு உனக்குத்தான்.

லூகா மோட்ரிச்சைப் பற்றிப் பேசப் போகிறேன். குரோஷியாவின் நடுக்கள ஆட்டக்காரர். உயரம் 172 சென்டிமீட்டர்தான். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் 13 பருவங்கள் ஆடி, 28 கோப்பைகள் வென்றவர். அவற்றில் ஆறு, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள். ஆனால் கணக்கிலிருந்து ஆரம்பித்தால் அவர் பிடிபட மாட்டார். ஆட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு பழைய வீடியோ இருக்கிறது. குரோஷியாவின் வெலெபிட் மலையடிவாரம், கல்லும் முள்ளுமான சரிவு. ஐந்து வயதுப் பையன் ஒருவன் கையில் குச்சியோடு வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். அவன்தான் மோட்ரிச். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, தாத்தா வீட்டில் வளர்ந்தவன். தாத்தாவின் பெயரும் லூகா மோட்ரிச்தான். 1991 டிசம்பரில், யுகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டிருந்த நேரத்தில், செர்பியப் படையினர் அந்தத் தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். வீடும் எரிந்தது. குடும்பம் கடலோர நகரமான ஸாடருக்கு ஓடி வந்தது. அப்பா ராணுவத்தில் சேர்ந்தார். அகதிகளைத் தங்கவைத்த ஓட்டல்களில்தான் அந்தப் பையனின் அடுத்த சில வருடங்கள் கழிந்தன. ஓட்டலின் கார் நிறுத்துமிடம்தான் அவனுக்கு மைதானம். குண்டு விழும்போது உள்ளே ஓடுவது, ஓய்ந்ததும் மறுபடி பந்தோடு வெளியே வருவது.

அந்தக் கடற்கரையின் பெரிய கிளப் ஹைடுக் ஸ்ப்ளிட். அங்கே தேர்வுக்குப் போனான், ஆள் சின்னதாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் ஒடிந்துபோனான். தோமிஸ்லாவ் பாஷிச் என்ற பயிற்சியாளர்தான் அவனை விடாமல் பிடித்துக்கொண்டார். மோட்ரிச் இன்றும் அவரைத் தன் விளையாட்டுத் தந்தை என்றுதான் சொல்வார். 16 வயதில் தலைநகரின் கிளப்பான டினாமோ ஸாக்ரெப் எடுத்துக்கொண்டது. எடுத்த கையோடு 2003இல் பக்கத்து நாடான போஸ்னியாவின் மோஸ்டார் நகரக் கிளப்புக்கு ஒரு பருவம் கடனாக அனுப்பியது. காலை வாரிவிடும் முரட்டு ஆட்டம் அங்கே. போஸ்னியாவில் ஆட முடிந்தவன் எங்கேயும் ஆடலாம் என்று அவரே பின்னாளில் சொன்னார். 18 வயதில் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

நடுக்களம், அதாவது மிட்ஃபீல்டு, என்றால் என்ன என்று இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃபார்வர்டுக்கு எதிரிகள் பெரும்பாலும் முன்னால் இருப்பார்கள். டிஃபென்ஸில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே தெரியும். நடுவில் நிற்பவருக்கு முதுகுக்குப் பின்னாலும் ஆள் இருப்பான். அதனால் பந்து வருவதற்கு முன்னால் பார்த்து முடித்திருக்க வேண்டும். மோட்ரிச் ஆடுவதைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவர் கழுத்தைப் பாருங்கள். பந்து வேறு எங்கோ இருக்கும். இவர் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, ரோட்டைக் கடக்கிற ஆள் மாதிரி. பந்து காலுக்கு வரும்போது எங்கே அனுப்புவது என்று முடிவாகியிருக்கும். உடம்பைப் பாதி திருப்பி வாங்குவார், முதல் தொடுகையிலேயே துரத்தி வந்தவன் பின்னுக்குப் போய்விடுவான். உயரமும் எடையும் இல்லாதவன் முரட்டு ஆட்களுக்கு நடுவே பிழைக்க அதுதான் வழி. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று அவரைப் பற்றி எழுதுகிறார்கள். அந்தக் கீர்த்தி இந்தக் கழுத்து வேலையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

2008இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப், நான்கு வருடம். 2012இல் ரியல் மாட்ரிட். போன சில மாதங்களிலேயே ஸ்பெயினின் விளையாட்டுப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் ஓட்டு எடுத்தது. அந்தப் பருவத்தின் மோசமான வரவு யார் என்று கேள்வி. மோட்ரிச் என்று பதில் வந்தது. அடுத்த மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு அவர்கள் ஊரில் ஆடி, ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது. 2014இல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 93ஆவது நிமிடத்தில் மாட்ரிட்டின் ராமோஸ் தலையால் முட்டிய கோல் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கார்னரை அடித்தவர் மோட்ரிச்.

சரி, ஒரே ஒரு பாஸை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 12, மாட்ரிட், இங்கிலாந்தின் செல்சி கிளப்போடு சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-1 என்று ஜெயித்து வந்த மாட்ரிட், சொந்த மைதானத்தில் 0-3 என்று தோற்றுக்கொண்டிருக்கிறது. மொத்தக் கணக்கில் செல்சி முன்னால். 80ஆவது நிமிடம். மோட்ரிச்சுக்கு வயது 36. இடது பக்கத்தில் பந்து அவரிடம் இருக்கிறது. வழக்கமான உதை இதற்கு உதவாது, பந்து கோல்கீப்பர் பக்கம் வளைந்துவிடும். அவர் வலது காலின் வெளிப்புறத்தால், சுண்டுவிரல் பக்கத்தால், பந்தை வெட்டிவிட்டார். அது டிஃபென்ஸ் தலைக்கு மேலே கிளம்பி, வெளிப்பக்கமாக வளைந்து, ஓடிவந்த ரோட்ரிகோவின் காலடியில் இறங்கியது. ரோட்ரிகோ களமிறங்கி இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. தரையில் விழ விடாமல் அடித்தார், கோல். கூடுதல் நேரத்தில் பென்சிமா இன்னொன்று அடிக்க, மாட்ரிட் தப்பியது. மறுநாள் நான் அந்தப் பாஸை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் என் கண் போன இடம் அந்த உதைக்கு முந்தைய ஒரு நொடிதான். தலையைத் தூக்கி அந்த ஓட்டத்தை அவர் பார்த்துவிட்ட நொடி அது.

ரஷ்யாவில் நடந்த 2018 உலகக் கோப்பையைச் சொல்லாமல் போக முடியாது. குரோஷியாவின் மக்கள்தொகை 40 லட்சம்கூட இருக்காது. டென்மார்க்கோடு ஆட்டம் 1-1. 116ஆவது நிமிடத்தில் பெனால்டி கிடைக்கிறது. கேப்டன் மோட்ரிச் அடிக்கிறார், டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் பெனால்டி ஷூட்அவுட். அதே கோல்கீப்பர், அதே புள்ளி. மோட்ரிச் மறுபடி நடந்து போனார், அடித்தார். தப்பு செய்த இடத்துக்கே கால்மணி நேரத்துக்குள் தானாக நடந்து போவது எவ்வளவு பெரிய காரியம் என்று, பெனால்டியைத் தவறவிட்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். அடுத்து ரஷ்யா, அதற்கடுத்து இங்கிலாந்து, மூன்று ஆட்டமும் கூடுதல் நேரம் வரை. இறுதியில் பிரான்ஸிடம் 4-2 என்று தோல்வி. தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை அவர் சிரிக்காமல் வாங்கினார். அந்த வருடம் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதும் அவருக்கே. பத்து வருடமாக மெஸ்ஸியும் ரொனால்டோவும் மட்டுமே மாறி மாறி வாங்கிய விருது அது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கிளப் பணத்தைச் சுருட்டினார் என்று டினாமோவின் முன்னாள் தலைவர் மீது நடந்த வழக்கில், 2017இல் மோட்ரிச் அவருக்குச் சாதகமாக மாற்றிச் சொன்ன சாட்சியம் நாட்டையே கொதிக்க வைத்தது. பொய்ச் சாட்சி என்று அவர்மேல் குற்றச்சாட்டு பதிவாகி, 2018 கடைசியில் கைவிடப்பட்டது. அகதியாகத் தங்கியிருந்த ஓட்டல் சுவரிலேயே, "லூகா, இதை ஒருநாள் நினைத்துப் பார்ப்பாய்" என்று எழுதிவைத்தார்கள். அந்த மனக்கசப்போடுதான் அவர் உலகக் கோப்பைக்கு ரஷ்யா போனார். திரும்பி வந்தபோது ஸாக்ரெப் தெருக்களில் லட்சக்கணக்கில் மக்கள் நின்றார்கள். இரண்டும் ஒரே நாட்டு ஜனங்கள். அவரை நேசிக்கிறவன் என்பதால் இதை நான் விட்டுவிட்டுப் பேசியிருந்தால், அவர் கதையில் பாதியைத்தான் உங்களுக்குக் கொடுத்திருப்பேன்.

2025இல் மாட்ரிட்டை விட்டு இத்தாலியின் ஏசி மிலானுக்குப் போனார். சின்ன வயதில் அவர் கொண்டாடிய ஆட்டக்காரர் ஸ்வோனிமிர் போபன், அவரும் குரோஷிய மிட்ஃபீல்டர், ஆடியது மிலானுக்கு. அப்போதிருந்தே பையனுக்கு மிலான்தான் பிடித்த அணி. அந்த சிவப்புக் கறுப்பு ஜெர்சியில், செப்டம்பர் 14ஆம் தேதி பொலோன்யாவுக்கு எதிராக அவர் அடித்த கோலில் மிலான் 1-0 என்று ஜெயித்தது. ஐந்து நாள் முன்னால்தான் அவருக்கு 40 வயது முடிந்திருந்தது.

தம்பி, அந்த ஆட்டத்தை எடுத்துப் பார். கோலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதே, 14ஆம் எண் போட்ட அந்த ஆளின் கழுத்தை மட்டும் பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருகிறேன், என்ன பார்த்தாய் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும்.