கை கழுவத் தண்ணி எங்க, தம்பி?

(2025 மே 6 கொழும்பு மாநகர சபைத் தேர்தலுக்கு முன்னால் பேசிய பட்டிமன்றப் பேச்சு)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விசயத்துக்கு வருகிறேன்.

கொழும்புத் தமிழரின் வாக்கைத் தீர்மானிப்பது வயிறா, வரலாறா? இதுதான் தலைப்பு. நான் வயிறு அணி. எனக்கு முன்னால் பேசிய வரலாற்று அணி அண்ணன் ஒரு சட்டத்தரணி. அழகாகப் பேசினார். 1948 குடியுரிமைச் சட்டம், 1956 தனிச் சிங்களச் சட்டம், 1983 ஜூலை என்று வரிசையாகச் சொன்னார். ஓர் ஆண்டிலும் பிழையில்லை. நானும் கை தட்டினேன். ஆனால் இறங்கும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாரே, கேட்டீர்களா? "வயிற்றுக்கு வாக்களிக்கிறவன் ஒரு சோத்துப் பார்சலுக்கு விலைபோகிறவன். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள், தேர்தல் என்றால் பார்சல் திருவிழாதான்!" முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள்.

நான் எழுதிக்கொண்டு வந்த தாளை அப்போதே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இனி அந்தச் சோத்துப் பார்சலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அண்ணா, நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை. தேயிலைத் தோட்டம் இல்லை, கொழும்பில் நெருக்கி அடுக்கின வீடுகளுக்குத்தான் தோட்டம் என்று பெயர். ஜெம்பட்டா வீதியிலிருந்து உள்ளே இறங்கும் முடக்கு. எதிரே ஓர் ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் கழிவுநீர் ஓடும் கான், கோடியில் பொதுப் பைப். முடக்கு வாயில் ஓர் அக்கா அப்பம் சுடுவார். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் அவர் அப்பக்கார அக்கா. விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவார். வெள்ளை அப்பம், முட்டை அப்பம், கட்டச் சம்பல். எங்கள் பள்ளிக்கூடக் காலம் முழுக்க அந்த அப்பத்தில் ஓடியது.

ஒரு தேர்தல் நேரம், பகல் பன்னிரண்டு மணி. வேட்பாளர் வருகிறார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியும் அந்த முடக்குக்குள் வந்திருக்கிறது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முன்னுக்குப் பப்பரே வாத்தியம், பின்னுக்கு இரண்டு பையன்கள் பெட்டி பெட்டியாகப் பார்சல் தூக்கிக்கொண்டு. வீட்டுக்கு ஒன்று. அக்காவின் கையில் வேட்பாளரே ஒன்றைக் கொடுக்கிறார். கும்பிடுகிறார். ஒருவர் படம் எடுக்கிறார்.

அக்கா வாங்கினார். வாங்கி, தண்ணீர்ப் பரலின் மூடியில் வைத்து எல்லோர் முன்னாலும் பிரித்தார். லன்ச் ஷீட்டில் சம்பாச் சோறு, பருப்பு, ஒரு கோழித் துண்டு, பொரித்த மிளகாய், நமத்துப்போன பப்படம். முடக்கே எட்டிப் பார்க்கிறது. அக்கா குனிந்து மணந்து பார்த்தார். நிமிர்ந்து கேட்டார்:

"வாசம் நல்லாத்தான் இருக்கு தம்பி. சாப்பிடத்தான் போறேன். கை கழுவத் தண்ணி எங்க, தம்பி?"

வாத்தியம் நின்றுவிட்டது. வேட்பாளர் பைப்பைப் பார்க்கிறார். கூட வந்த பையன் ஓடிப்போய்த் திருகுகிறான். கர்ர்ர் என்று காற்று. மற்றப் பக்கம் திருகுகிறான். கர்ர்ர். அந்தப் பைப்பில் தண்ணீர் வருவது இரவு பதினொரு மணிக்கு என்று முடக்கில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வேட்பாளருக்குத் தெரியாது. "வேன்ல போத்தல் இருக்கு, கொண்டா!" என்றார். போத்தல் வந்தது. அக்கா கையை நீட்டினார், அவரே ஊற்றினார்.

நடுவர் அவர்களே, அந்த அம்மா கை கழுவியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது கை. விரல் விரலாக. நகத்துக்குள் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொன்றாக எடுத்தார். புறங்கை. பிறகு இடது கை. அவர் ஊற்ற ஊற்ற இவர் கழுவக் கழுவ, போத்தல் முடிந்தது. "எனக்குச் சரி தம்பி. இப்ப இந்தப் பிள்ளைக்கு" என்று பக்கத்து வீட்டுச் சின்னவனை முன்னுக்கு விட்டார். அவன் கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் அவன் அக்கா கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மா. அப்புறம் சலூன்காரர், மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்கிற மாமா, கைத்தடியோடு தாத்தா. முடக்கு முழுக்க வரிசை. யாரும் ஏசவில்லை, யாரும் கத்தவில்லை. எல்லோர் கையும் நீட்டினபடி. வேட்பாளர் கையில் வெறும் போத்தல்!

பின்வரிசைக்கு ஃபேன் சத்தத்தில் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். சோறு வேண்டாம் என்று அக்கா சொன்னாரா? இல்லை. தூக்கி எறிந்தாரா? சினிமாவில் எறிவார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி அரிசி மாக் கரைக்கிறவருக்குச் சோற்றின் விலை தெரியும், அவர் எறிய மாட்டார். நன்றாகச் சாப்பிட்டார். கோழித் துண்டைச் சின்னவனுக்குக் கொடுத்தார். கேட்டது ஒரேயொரு கேள்வி. அடுத்த தேர்தல் வரைக்கும் எங்கள் முடக்கில் எவர் வந்து எதைத் தந்தாலும், சின்னப் பிள்ளைகள்கூடக் கையை நீட்டி, "கை கழுவத் தண்ணி எங்க, தம்பி?" என்றுதான் கேட்டார்கள்.

அண்ணா, சட்டத்தரணி அண்ணா, இதுவா விலைபோவது? வாக்காளருக்குச் சோறு போட்டு வாக்குக் கேட்பது தேர்தல் சட்டத்தில் குற்றம் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கொடுத்தவனை விட்டுவிட்டு வாங்கினவளைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள்? வசதியானவர்கள் இருக்கும் காலி வீதிப் பக்கமும் தேர்தல் விருந்து நடக்கிறது, ஏசி மண்டபத்தில் நடக்கிறது. அங்கே அதற்குப் பெயர் கலந்துரையாடல். பீங்கானில் போட்டால் கலந்துரையாடல், லன்ச் ஷீட்டில் சுற்றினால் லஞ்சமா?

(கைதட்டுங்கள், ஆனால் என் நேரத்தில் கழிக்காதீர்கள்.)

அக்கா யாருக்குப் புள்ளடி போட்டார் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. கேட்டால் அப்பச் சட்டியைச் சுழற்றுவார், பதில் வராது. மறைப்புக்குள் போனால் அவரும் வாக்குச் சீட்டும்தான். பார்சல் கொடுத்தவர் அங்கே எட்டிப் பார்க்க முடியாது.

சரி, தலைப்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 3.16 வீதம். 2024 செப்டெம்பரில் முதற்சுற்று எண்ணிக்கையில் அதே ஆள் 42.31 வீதம். இடையில் என்ன நடந்தது? வரலாறு மாறிவிட்டதா? 1956 அப்படியே 1956தான். மாறினது அடுப்படி. வெறும் காஸ் சிலிண்டரைக் கயிற்றால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்த ஊர் இது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. அந்தக் கணக்கை எடுக்கிற சுட்டெண்ணுக்கே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் என்றுதான் பெயர். நம்முடைய சந்தை, நம்முடைய வயிறு. வரலாற்றின் தலைவாசல் என்று நீங்கள் சொல்லும் யாழ்ப்பாணத்திலேயே 2024 நவம்பரில் ஆறு ஆசனத்தில் மூன்று அதே அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனது.

வருகிற 2025 மே 6 கொழும்பு மாநகர சபைத் தேர்தல். இந்தச் சபைக்கு நாம் கடைசியாக வாக்களித்தது 2018 பெப்ரவரி 10. 2023 மார்ச் 9 நடக்க வேண்டிய தேர்தல், காசில்லை என்று நின்றுபோனது. குப்பை, கான், மழைக்கு வீட்டுக்குள் வருகிற வெள்ளம், இவற்றைக் கேட்பதற்கு நாம் தெரிந்தெடுத்த ஓர் ஆள் இல்லாமல் வருடங்கள் போய்விட்டன. மாநகர சபை உறுப்பினர் 1956ஐத் திருத்த முடியாது, அண்ணா. கானைத் துப்புரவாக்கலாம். அதைக் கேட்பது அற்பமா?

இதோடு நான் இறங்கிவிடலாம், என் வாதம் முடிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எங்களுக்கு வரலாறு தெரியாது என்று சிரித்த சிரிப்பு அது. அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அப்பக்கார அக்கா பிறந்தது மலையகத்து ஹற்றன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். அவருடைய தாயும் தகப்பனும் இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் கொழுந்து பறித்தவர்கள். 1948 சட்டம் அவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பெரியம்மா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது, அக்கா குடும்பம் இங்கே நின்றது. ஒரு வீட்டுச் சகோதரிகளை ஒரு காகிதம் இரண்டு நாடாகப் பிரித்தது. தகப்பன் கடைசிவரைக்கும் வாக்குச் சாவடி வாசலை மிதிக்காமலே செத்தார். அக்கா கல்யாணம் கட்டி, கொழும்புக்கு வந்து, பிள்ளை பெற்று, அப்பக்கடை போட்டு, தலை நரைக்கத் தொடங்கின பிறகும் அவருக்கு வோட்டு இல்லை. தேர்தல் நாளில் முடக்குப் பெண்கள் எல்லாம் சீலை மாற்றிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். இவர் அடுப்புக்கு முன்னால் இருப்பார். "நீங்க போயிட்டு வாங்க, நான் கடையப் பாத்துக்கிறேன்" என்பார். அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் கிராம சேவகர் கொண்டுவந்த வாக்காளர் பட்டியலில் அக்காவின் பெயர். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, "எது மகன் என் பேர்? விரல வைச்சுக் காட்டு" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் தன் விரலையும் வைத்தார். எடுக்கவேயில்லை. 1983 ஜூலையில் இதே வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அதுவும் அக்காவுக்குத் தெரியும், அந்த முடக்கில் தெரியாதவர் இல்லை. தெரிந்துகொண்டுதான் தன் பெயர் அதில் இருக்கிறதே என்று அழுதார். முதல் தடவை வாக்களித்துவிட்டு வந்த அன்று, மை பூசின விரலை மாவில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பம் சுட்டார். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் யாரிடமும் காசு வாங்கவில்லை.

1948இலிருந்து 2003 வரைக்கும் 55 வருடம். இரண்டு தலைமுறை. அந்த வாக்கின் விலை அவ்வளவு. அதைக் கொண்டுபோய் ஒரு பார்சலுக்கு விற்றுவிட்டார் என்கிறீர்களே, அண்ணா, எப்படி மனம் வந்தது?

நடுவர் அவர்களே, வயிறு என்று தீர்ப்புச் சொல்லுங்கள், வரலாறு என்று சொல்லுங்கள், நான் தலைவணங்கி ஏற்கிறேன். மே 6 காலை ஏழு மணிக்கு வாக்குச் சாவடி திறக்கும்போது அப்பக்கார அக்கா வரிசையில் முதல் ஆளாக நிற்பார். அதற்கு முன்னால், இந்த மேடையில், இதே ஒலிவாங்கியில், அண்ணன் அந்தச் சோத்துப் பார்சல் பேச்சைத் திரும்பப் பெற வேண்டும். சிரித்தவர்கள் எல்லோரும் இங்கே இருக்கும்போதே பெற வேண்டும். என் அணி தோற்றாலும் பரவாயில்லை, எனக்கு அது போதும்.

நன்றி, வணக்கம்.