காசு வாங்காமல் ஆடிய கிளப்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று ஒரு நகரம். அங்கே குயின்ஸ் பார்க் என்று ஒரு கால்பந்து கிளப். 1867-இல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து 2019 வரை, 152 வருஷம், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதே அதன் சட்டம். கையில் காசு இல்லாததால் வந்த சட்டம் இல்லை இது. உலகத்திலேயே பெரிய கால்பந்து மைதானத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்த காலத்திலும் அவர்கள் கொடுக்கவில்லை. எதிர் அணியில் ஆடுகிறவர்கள் வாரக்கூலி வாங்கிக்கொண்டிருந்தபோதும் கொடுக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று சொல்வதா, வீம்பு என்று சொல்வதா? கதையைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1867 ஜூலை 9-ஆம் தேதி மாலை, கிளாஸ்கோவின் தென்பகுதியில் எக்லின்டன் டெரஸ் என்ற இடத்தில் 3-ஆம் எண் வீட்டில் சில இளைஞர்கள் கூடினார்கள். பக்கத்துப் பூங்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். பூங்காவின் பெயர் குயின்ஸ் பார்க். ராணி என்றதும் விக்டோரியா என்று நினைக்கத் தோன்றும். இல்லை, இது ஸ்காட்லாந்து ராணி மேரி. 1568-இல் அந்தப் பக்கத்தில் நடந்த லாங்சைடு போரில் தோற்று இங்கிலாந்துக்கு ஓடிய அதே மேரி. கிளப்புக்குப் பெயர் வைப்பதற்குள் பெரிய இழுபறி. செல்ட்ஸ், நார்தர்ன், மோரேஷயர் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கடைசியில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் குயின்ஸ் பார்க் ஜெயித்தது. 'விளையாட்டுக்காகவே விளையாடுவது' என்ற பொருளில் லத்தீனில் ஒரு கொள்கை வாசகமும் வைத்துக்கொண்டார்கள்.

சரி, கிளப் ஆரம்பித்தாயிற்று. ஆடுவதற்கு எதிர் அணி வேண்டுமே? ஸ்காட்லாந்தில் அப்போது இந்த ஆட்டத்துக்கு வேறு கிளப்பே இல்லாத நிலை. முதல் ஒரு வருஷம் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடித் தீர்த்தார்கள். 1868-இல்தான் திசில் என்ற கிளப் சவால் விட்டது. அதற்குக் குயின்ஸ் பார்க் செயலாளர் ராபர்ட் கார்ட்னர் எழுதிய பதில் கடிதத்தின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. மரியாதை சொட்டும் கடிதம். பக்கத்துக்கு 20 பேர் என்பதை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் இந்த வெயில் காலத்தில் 2 மணி நேரம் ஆடினால் போதும் என்று நினைக்கிறோம், முதல் ஒரு மணி நேரத்தில் யாரும் கோல் போடாவிட்டால் பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இன்னொன்று சேர்க்கிறார்: வரும்போது உங்கள் பந்தையும் கொண்டுவந்துவிடுங்கள், எங்கள் பந்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆட்டம் தடைபடக் கூடாது பாருங்கள். கிளப் நடத்துகிறவர்களுக்கு எத்தனை கவலைகள்! அந்த ஆட்டத்தில் 2-0 என்று குயின்ஸ் பார்க் வென்றது.

தனக்குள்ளேயே ஆடிய அந்தக் காலத்தை நான் சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் அப்போது ஆட்டம் என்றால் டிரிப்ளிங்தான். ஒருவர் பந்தைக் காலோடு காலாக ஒட்டிக்கொண்டு முட்டி மோதி ஓடுவார். மற்றவர்கள் பின்னாலேயே கூட்டமாக ஓடுவார்கள். அவர் பந்தை இழந்தால் இன்னொருவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். கூட ஆடுகிறவருக்குப் பந்தைத் தள்ளிவிடுவது என்னவோ கையாலாகாத்தனம் போல. குயின்ஸ் பார்க்காரர்கள் தங்களுக்கென்று எழுதிக்கொண்ட விதிகளில் ஆஃப்சைடு, அதாவது பந்துக்கு முன்னால் போய் எதிர் அணியின் கோல் பக்கம் காத்து நிற்கக் கூடாது என்கிற விதி, கொஞ்சம் தளர்வாக இருந்தது. எதிர் அணியின் கோலுக்கு முன்னால் கடைசி 15 கெஜத்துக்குள் நின்றால்தான் அந்த விதியே பொருந்தும். அப்படியென்றால் முன்னால் ஆள் நிற்கலாம், அவருக்குப் பந்தை அனுப்பலாம். ஒரே ஆட்கள் வாரா வாரம் சேர்ந்து ஆடினால் யார் எங்கே நிற்பார் என்பது பார்க்காமலே தெரிந்துவிடும். இன்று நாம் 'பாஸிங் கேம்' என்று சொல்வது வளர்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று இந்தப் பூங்கா.

1871-இல் இங்கிலாந்துக்காரர்கள் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியை, அதாவது அவர்கள் கால்பந்து சங்கத்தின் கோப்பைப் போட்டியை, தொடங்கினார்கள். கோப்பை செய்ய 20 பவுண்டு தேவைப்பட்டது. குயின்ஸ் பார்க் 1 கினி, அதாவது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல், நன்கொடை அனுப்பியது. அது அந்த கிளப்பின் வருட வருமானத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. லண்டன் போய்வரச் செலவாகும் என்பதால் ஆரம்பச் சுற்றுகளில் அவர்களை ஆட விடாமலேயே மேலே தள்ளி, நேராக அரையிறுதிக்குக் கொண்டுவந்தார்கள். 1872 மார்ச்சில் லண்டன் ஓவல் மைதானத்தில் வாண்டரர்ஸ் அணியோடு ஆட்டம். இங்கிலாந்தின் பெரிய பள்ளிகளில் படித்த கனவான்களின் அணி அது. 0-0 என்று டிரா. மறு ஆட்டம் ஆட வேண்டும். லண்டனில் தங்கியிருப்பதற்குக் காசில்லை. விலகிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்கள். வாண்டரர்ஸ் இறுதிக்குப் போய், ராயல் எஞ்சினியர்ஸ் அணியை 1-0 என்று வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. ஒரு கோல்கூட வாங்காமல், தோற்காமல், காசில்லாமல் வெளியேறிய அணி வீட்டுக்குப் போனது. காசுக்கு ஆட மாட்டோம் என்றவர்களைக் காசு சும்மா விடவில்லை.

அதே வருஷம் நவம்பர் 30. உலகத்தின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம், ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும். ஸ்காட்லாந்தில் அப்போது கால்பந்து சங்கமே கிடையாது. ஆகவே ஏற்பாடு முழுக்க குயின்ஸ் பார்க். இடம் கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில் ஒரு கிரிக்கெட் மைதானம். நுழைவுக் கட்டணம் 1 ஷில்லிங். சுமார் 4,000 பேர் வந்தார்கள். ஸ்காட்லாந்துக்காக ஆடிய 11 பேரும் குயின்ஸ் பார்க் ஆட்டக்காரர்கள். அவர்கள் போட்டிருந்த கருநீல ஜெர்சி அன்றைய கிளப் ஜெர்சிதான். ஸ்காட்லாந்து அணி இன்றும் கருநீலம் போடுகிறதே, அது அங்கே தொடங்கியது. கேப்டனும் கோல்கீப்பரும் யார்? கடிதம் எழுதிய அதே கார்ட்னர். ஆட்டத்தின் நடுவில் அவரும் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்து கோல்கீப்பரும் அப்படியே செய்தார். குறுக்குக் கம்பத்துக்குப் பதில் மேலே ஒரு நாடா. ஸ்காட்லாந்து அடித்த ஒரு பந்து அந்த நாடாவின் மேல் போய் விழுந்ததாம்.

படம் பிடிக்க ஒரு போட்டோக்காரர் வந்திருந்தார். பிரதி வாங்கிக்கொள்வோம் என்று அணிகள் உறுதி சொன்னால் எடுக்கிறேன் என்றார். யாரும் சொல்லவில்லை. அவர் கிளம்பிவிட்டார். அதனால் முதல் சர்வதேச ஆட்டத்துக்குப் போட்டோ கிடையாது. பத்திரிகை ஓவியர் வரைந்த படங்கள்தான் நமக்கு மிச்சம். ஆட்டம் 0-0. இங்கிலாந்துக்காரர்கள் உடம்பில் கனம், ஆனால் பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடிய ஸ்காட்லாந்தை அவர்களால் உடைக்க முடியவில்லை. அடுத்த மார்ச்சில் லண்டனில் பதில் ஆட்டம் நடந்தபோது ஸ்காட்லாந்திலிருந்து 8 பேரை அனுப்பத்தான் பணம் இருந்தது. மீதிப் பேரை லண்டனிலேயே தேடிப் பிடித்தார்கள். 4-2 என்று தோற்றார்கள்.

1873 மார்ச் 13-இல் கிளாஸ்கோவில் மது விற்காத ஒரு ஓட்டலில், குயின்ஸ் பார்க் கொடுத்த அழைப்பின் பேரில் கிளப்புகள் கூடி ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்தை அமைத்தன. ஸ்காட்டிஷ் கோப்பை வந்தது. முதல் இறுதி ஆட்டத்தில் குயின்ஸ் பார்க் 2-0 என்று கிளைட்ஸ்டேல் அணியை வென்றது. தோற்ற பக்கத்தில் கோல் காத்தவர் கார்ட்னர்! கிளப்போடு மனஸ்தாபமாகி அங்கே போயிருந்தார். இதற்குள் குயின்ஸ் பார்க் கறுப்பு வெள்ளைப் பட்டை ஜெர்சிக்கு மாறியிருந்தது. அதனால் வந்த செல்லப் பெயர் ஸ்பைடர்ஸ். 1874-இலிருந்து 1893-க்குள் 10 முறை அந்தக் கோப்பையை வென்றார்கள். இங்கிலாந்தின் முதல் எஃப்.ஏ. கோப்பை 1895-இல் பர்மிங்ஹாமில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து திருட்டுப் போய்விட்டது. ஸ்காட்லாந்தின் முதல் கோப்பை இன்றும் பத்திரமாக இருக்கிறது.

இந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆண்ட்ரூ வாட்சன். 1856-இல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். அப்பா கரும்புத் தோட்டங்களில் பணம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர். அம்மா ஹன்னா ரோஸ், அந்த மண்ணின் கறுப்பினப் பெண். பிரிட்டனில் படித்து, கிளாஸ்கோ வந்து, 1880-இல் குயின்ஸ் பார்க்கில் சேர்ந்தார். தடுப்பு வரிசையில் ஆடினார். 1881 மார்ச்சில் லண்டன் ஓவலில் ஸ்காட்லாந்து அணிக்கு அவர்தான் கேப்டன். இங்கிலாந்து அதன் சொந்த மண்ணில் 6-1 என்று தோற்றது. உலகின் முதல் கறுப்பினச் சர்வதேசக் கால்பந்து ஆட்டக்காரர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். ஆடியது 3 சர்வதேச ஆட்டம், மூன்றிலும் வெற்றி. ஆனால் அவர் பெயரைச் சுமார் நூறு வருஷம் எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். வேறொருவரை முதல் ஆள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கிளப்புகளுக்கு நினைவுச் சின்னம் நிறைய இருக்கும், நினைவு மட்டும் கொஞ்சம் குறைவு.

1884, 1885 இரண்டு வருஷமும் குயின்ஸ் பார்க் எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை போனது. இரண்டு முறையும் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோல்வி, 2-1, 2-0. அந்த பிளாக்பர்ன் அணியில் ஃபெர்கஸ் சூட்டர் என்று ஒரு ஆட்டக்காரர். கிளாஸ்கோ பக்கத்திலிருந்து போன கல்தச்சர். இங்கிலாந்துக் கல் உளிக்கு வசப்படவில்லை, ரொம்பக் கெட்டி என்று சொல்லி அவர் தொழிலை விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். பிழைப்பு எப்படி நடந்தது? கால்பந்தில்தான். அப்போது சம்பளம் சட்டவிரோதம், ஆகவே மறைமுகமாக. ஸ்காட்லாந்தில் வளர்ந்த பாஸிங் வித்தையைக் கற்ற ஆட்டக்காரர்கள் வரிசையாக எல்லை தாண்டிப் போனார்கள். 1885 ஜூலையில் இங்கிலாந்து சம்பளத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். குயின்ஸ் பார்க் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் கண்ணை மூடிக்கொண்ட பக்தி கிடையாது. காசு வாங்காமல் ஆட வேண்டுமானால் வேறு பக்கத்திலிருந்து காசு வர வேண்டும். ஆபீஸ் வேலையிலும் வியாபாரத்திலும் இருப்பவருக்கு அந்தக் கொள்கை கட்டுப்படியாகும். கல் உடைக்கிறவரும் சுரங்கத் தொழிலாளியும் ஒரு நாள் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. சூட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். மறுபக்கம், இந்தக் கிளப் தன் கொள்கைக்கு விலையும் கொடுத்தது. 1890-இல் ஸ்காட்டிஷ் லீக் ஆரம்பித்தபோது, இது சம்பளத்தில்தான் போய் முடியும் என்று சொல்லிச் சேர மறுத்தது. சொன்னபடியே 1893-இல் ஸ்காட்லாந்திலும் சம்பளம் சட்டபூர்வமானது. அதே வருஷம்தான் குயின்ஸ் பார்க் செல்டிக் அணியை 2-1 என்று வென்று கடைசியாக ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது. 1900-இல் வேறு வழியில்லாமல் லீக்கில் சேர்ந்தது, சம்பளம் இல்லாத ஒரே அணியாக.

ஆட்டத்தில் பின்தங்கினாலும் மைதானத்தில் அவர்கள்தான் ராஜா. ஹாம்ப்டன் பார்க் என்ற பெயரில் அடுத்தடுத்து மூன்று மைதானம் அமைத்தார்கள். முதலாவது 1873-இல். அது ரயில் பாதைக்காகப் போயிற்று. மூன்றாவது 1903 அக்டோபர் 31-இல் திறந்தது. 1950-இல் பிரேசிலின் மரக்கானா வரும் வரை உலகில் அதுவே பெரிது. 1937-இல் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டத்துக்கு அங்கே கூடிய கூட்டம் 1,49,415. 1960-இல் ரியல் மாட்ரிட் 7-3 என்று ஃப்ராங்க்ஃபர்ட்டை அடித்து நொறுக்கிய ஐரோப்பியக் கோப்பை இறுதியும் அங்கேதான். இத்தனைக்கும் வீட்டுக்காரர் கடைசி டிவிஷன் வரை இறங்கிவிட்ட அமெச்சூர் கிளப். சுமார் 52,000 இருக்கை உள்ள மைதானத்தில் சில நூறு பேர் உட்கார்ந்து பார்க்க அவர்கள் லீக் ஆட்டம் ஆடுவது, ஊரே கொள்ளும் மண்டபத்தில் நாலு இலை போட்டுப் பந்தி நடத்துகிற மாதிரி இருக்கும். ஆட்டக்காரர் கத்துவது மேல் வரிசை வரை தெளிவாகக் கேட்குமாம்.

ஆனால் அந்தப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்களைப் பாருங்கள். ரானி சிம்சன் 1945-இல் 14 வயதில் இந்த அணிக்குக் கோல் காத்தார், 1967-இல் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோதும் கோலில் நின்றவர் அவரே. அலெக்ஸ் ஃபெர்குசன், பின்னால் மான்செஸ்டர் யுனைடெட் அணியைப் பயிற்சியாளராக ஆண்டவர், இங்கேதான் 16 வயதில் ஆடத் தொடங்கினார். பகலில் கருவி செய்யும் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆண்டி ராபர்ட்சன். ஆள் சின்னதாக இருக்கிறான் என்று செல்டிக் கழித்துவிட்ட பையன். 2012-இல் குயின்ஸ் பார்க்கில் சம்பளமில்லாமல் ஆடிக்கொண்டே, அதே ஹாம்ப்டனில் டிக்கெட் கேட்டு வரும் போன்களை எடுக்கும் வேலை பார்த்தார். கையில் காசில்லை, வேலை வேண்டும் என்று அப்போது அவர் ட்விட்டரில் புலம்பியது பின்னால் பிரபலம். 7 வருஷம் கழித்து லிவர்பூலோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார், ஸ்காட்லாந்துக்குக் கேப்டனும் ஆனார்.

இப்படி வளர்த்துவிட்ட பிள்ளைகளை ஒப்பந்தம் போட்டு நிறுத்திவைக்க அமெச்சூர் கிளப்பால் முடியாது. வேறு கிளப் கூப்பிட்டால் கிளம்பிவிடுவார்கள். 2019 நவம்பரில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். 91 சதவீதம் பேர் சம்பளத்துக்கு ஆதரவு. பெயர் வைக்க ஒரு ஓட்டு வித்தியாசம் போதுமாக இருந்த கிளப்பில், கொள்கையைக் கைவிட எந்த இழுபறியும் இல்லை. ஹாம்ப்டனையும் 50 லட்சம் பவுண்டுக்குக் கால்பந்து சங்கத்துக்கே விற்றார்கள். தாங்கள் கூட்டிவைத்த சங்கம், தாங்கள் கட்டிய மைதானம்.

சம்பளம் வந்தபின் இரண்டு முறை மேல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 2025 பிப்ரவரி 9-இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸை, அதுவும் ஐப்ராக்ஸில் அதன் சொந்த மைதானத்திலேயே, 1-0 என்று வென்றார்கள். கோல் போட்டவர் செப் ட்ரோஸ்ட். கூடுதல் நிமிடங்களில் ரேஞ்சர்ஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. டாவர்னியர் அடித்தார், கோல்கீப்பர் ஃபெரி தடுத்துவிட்டார். ரேஞ்சர்ஸை அவர்கள் அதற்கு முன் கடைசியாக வென்றது 1948-இல்.

நன்றி, வணக்கம்.