தெய்வம் மாறியது, எடைக்கல் மாறவில்லை

நடுவர் அவர்களே, எதிரணியின் அறிஞர் பெருமக்களே, இரவு இத்தனை நேரமாகியும் நாற்காலியை விட்டு எழாத அவையோரே, வணக்கம்.

"பழைய ஆற்றங்கரை நகரங்களை வாழவைத்தது வழிபாடா, வணிகமா?" என்பது தலைப்பு. வணிகமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அம்மையார் சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் முங்கி எழுந்து, பசுபதி முத்திரையைக் கையில் ஏந்தி, இன்றைய ஈராக்கில் இருந்த பழைய சுமேரியாவின் உர் நகரத்துப் படிக்கட்டுக் கோபுரத்தில் ஏறி நின்று, "கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்" என்று முடித்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நானும் தட்டினேன். ஆனால் அம்மா, மொகஞ்சதாரோவில் குடியிருந்தார்களே! கி.மு. 2600 முதல் 1900 வரை, ஏறக்குறைய 700 ஆண்டுகள் குடியிருந்தார்கள். கோயில்தான் என்று ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு கட்டடம்கூட அங்கே இதுவரை அகப்படவில்லை. மேட்டின் உச்சியில் பௌத்த ஸ்தூபி என்று சொல்லப்படும் ஒன்று நிற்கிறது. அது நகரம் அடங்கி சுமார் 2000 ஆண்டுகள் கழித்து எழுந்தது. அதையும் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எதிரணிக்கு ஆசை இருக்கலாம், நடுவர் விடமாட்டார்.

பெருங்குளம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், தண்ணீர் கசியாமல் நிலக்கீல் பூசிய அருமையான வேலை. புனித நீராடக் கட்டியதாகவே இருக்கட்டும். அது மற்றொரு சிந்துவெளி நகரமான ஹரப்பாவில் ஏன் இல்லை? லோத்தலில் ஏன் இல்லை? காளிபங்கனில் வரிசையாக வேள்விக் குழிகள் போன்றவை கிடைத்தன. மொகஞ்சதாரோவில் அப்படிக் கிடைக்கவில்லை. தாய்த்தெய்வம் என்று அம்மையார் உருகிய சுடுமண் பெண்ணுருவங்கள் ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் ஏராளம். குஜராத் பக்கம் போனால் அரிது. ஊருக்கு ஊர் சாமி வேறு, கும்பிடும் முறை வேறு.

அப்படியானால் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்தது எது? இங்கேதான் என் சாட்சியை அழைக்கிறேன். சாட்சி சிறியவர், உள்ளங்கையில் அடங்கிவிடுவார். பகடைக்காய் போல ஆறு முகமும் சமமாக வெட்டி, வழவழவென்று தேய்த்த எடைக்கல். பெரும்பாலானவற்றில் எழுத்து இல்லை, சாமி உருவம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும். அதிகமாகக் கிடைப்பது பதினாறு பங்குக் கல், சுமார் 13.7 கிராம். வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் குட்டிக் கல் ஒரு கிராமுக்கும் குறைவு. கோதுமை நிறுக்க அது எதற்கு? பொன்னும் மணியும் நிறுக்கிற கல் அது. பஞ்சாபில் இருக்கும் ஹரப்பாவுக்கும் குஜராத்தில் இருக்கும் லோத்தலுக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஏறக்குறைய 900 கிலோமீட்டர். தந்தி இல்லை, தராசு முத்திரை போட வரும் அதிகாரி இல்லை, ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே எடை. கடல் தாண்டி பஹ்ரைனிலும் இதே எடை முறை கிடைத்திருக்கிறது. அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் தெய்வத்துக்குப் பார்பர் என்ற இடத்தில் தனியாகக் கோயில் கட்டிக்கொண்டார்கள். நிறுப்பதற்கு மட்டும் சிந்துவெளிக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். சாமியைக் கடன் வாங்கவில்லை நடுவர் அவர்களே, எடைக்கல்லைக் கடன் வாங்கினார்கள்!

இனி அந்தப் பசுபதி முத்திரை. கொம்புக் கிரீடம், யோக இருக்கை, சுற்றிலும் யானை, புலி, எருமை, காண்டாமிருகம். பார்த்தால் எனக்கும் கை கூப்பத்தான் தோன்றுகிறது. சிவனின் முன்வடிவம் என்று தொல்லியலாளர் ஜான் மார்ஷல் சொன்னதை இன்று எல்லோரும் ஏற்பதில்லை என்பதை அம்மையார் சொல்லாமல் விட்டார், போகட்டும். நான் கேட்பது வேறு. இந்தச் சதுர முத்திரைகளைத் திருப்பிப் பார்த்ததுண்டா? பின்புறம் கயிறு கோக்கத் துளையிட்ட குமிழ் இருக்கும். கயிற்றில் கோத்து உடன் கொண்டுபோகிற பொருள் அது. லோத்தலில் கிடங்கு எரிந்ததில் சுட்டு இறுகிய களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. முன்பக்கம் முத்திரையின் உருவம். பின்பக்கம் துணி நெசவின் தடம், நாணல் பாயின் தடம், முறுக்கிய கயிற்றின் தடம். மூட்டையைக் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி, முத்திரையை அழுத்தியிருக்கிறார்கள். முத்திரைகளில் எழுதியிருப்பது மந்திரம் என்று எதிரணி அடித்துச் சொல்கிறது. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறது. இத்தனை உறுதியாகப் படித்துவிட்ட அம்மையாருக்கு அந்தப் பரிசு கிடைக்க நடுவர் பரிந்துரைக்க வேண்டும்.

எழுத்து கோயிலில்தான் பிறந்தது என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். சுமேரியாவின் உருக் நகரத்தின் ஏயன்னா கோயில் வளாகத்தில் கிடைத்த களிமண் பலகைகளைக் காட்டினார். நல்ல சான்று, மறுக்க மாட்டேன். அந்தப் பலகைகளில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி படித்துக் காட்டியிருக்கலாம். பெரும்பகுதி கணக்கு. பார்லி இத்தனை, ஆடு இத்தனை, பீர் இத்தனை, ஆளுக்குப் படி இத்தனை. மீதி, எழுதக் கற்பவனுக்கான சொற்பட்டியல். தோத்திரம் எல்லாம் பின்னால் வந்தது.

உர் நகரத்துக் கல்லறைகளில் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி கண்டெடுத்த யாழில் ஒரு காளைத் தலை. அதன் தாடி நீலக்கல். அந்தக் கல் வந்தது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து. சாமிக்கும் சடங்குக்கும் வேண்டும் என்றுதானே கல் வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, சுமேரியாவில் அரை மதிப்பெண் உங்களுக்கு. ஆனால் அதே உர் நகரத்தில், கி.மு. 1750 வாக்கில், ஏஆ-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு நன்னி என்பவர் எழுதிய களிமண் கடிதம் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல சரக்கு தருகிறேன் என்று சொல்லிவிட்டு மட்டச் சரக்கைக் காட்டினாய், என் ஆளை அவமதித்தாய், பகைவர் நாட்டு வழியாக வந்தவனை வெறுங்கையோடு அனுப்பினாய் என்று பொரிந்து தள்ளுகிறார். அந்தக் கடிதம் குறிப்பிடும் முத்திரையிட்ட செம்புக் கணக்குப் பலகை எங்கே இருந்தது தெரியுமா? சூரியதேவன் ஷமாஷின் கோயிலில்! வியாபாரிகளின் பத்திரத்துக்குக் காவல் தெய்வம்.

வீட்டுக்குள் வருவோம். ஹரப்பாக் கல்லறையில் இடக்கையில் சங்கு வளையோடு பெண்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து கடல் 800 கிலோமீட்டருக்கு மேல். குஜராத்துக் கரையின் நாகேஷ்வரிலும் மக்ரான் பக்கத்துப் பாலாகோட்டிலும் சங்கை அறுத்தார்கள். சிந்துவெளியின் சன்குதாரோவில் சூதுபவளம் என்ற சிவப்பு மணிக்கல்லைத் துளைத்தார்கள்; ஒரு மணி நேரம் துளைத்தால் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அந்த நீண்ட மணிகள் உர் நகரத்து அரச கல்லறை வரை போயின. மெலுக்காவின் கப்பல்கள் தன் துறையில் நிற்பதாக சுமேரியாவையும் ஆண்ட அக்காட் மன்னன் சார்கோன் பெருமை அடித்துக்கொண்டான். அந்த மெலுக்கா சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. மெலுக்கா மொழிபெயர்ப்பாளன் என்று தன் முத்திரையிலேயே பொறித்துக்கொண்ட ஷூ-இலிஷூ என்ற ஒருவனும் அக்காட் நாட்டில் இருந்திருக்கிறான். மொழிபெயர்ப்பையே தொழிலாக வைத்துப் பிழைக்கும் அளவுக்குப் போக்குவரத்து!

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். அரசமரமும் யோக நிலையும் தாய்த்தெய்வமும் சிந்துவெளியிலிருந்து இன்றுவரை அறுபடாமல் வருகின்றன என்று அம்மையார் பெருமையோடு சொன்னார். சரி என்றே வைத்துக்கொள்வோம். கி.மு. 1900-க்குப் பிறகு மழை குறைந்தது, ஆறுகள் தடம் மாறின, வளைகுடா வணிகம் ஒடுங்கியது. சதுர முத்திரையும் எடைக்கல்லும் எழுத்தும் வழக்கொழிந்தன. மக்கள் நகரத்தை விட்டுச் சிற்றூர்களுக்குப் போனார்கள். வழிபாடு மட்டும் நின்றுபோகவில்லை என்கிறீர்கள். நகரத்தைத் தாங்கியது வழிபாடுதான் என்றால், அது தொடர்ந்தபோதே நகரம் ஏன் விழுந்தது? எனக்குப் பின் வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு விடை சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.