மணலில் உட்கார்ந்து தமிழ் படித்த பாதிரியார்: தரங்கம்பாடிப் பள்ளியின் கதை

வணக்கம் நண்பர்களே. மைக்கில் காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தரங்கம்பாடிக் கடற்கரையில் வேறு வழியில்லை. பின்னால் தெரிவது டான்ஸ்போர்க் கோட்டை. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. கோட்டையைப் பற்றி ஏற்கெனவே ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது இங்கே தொடங்கிய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைப் பற்றி.

1706 ஜூலை 9. சீகன்பால்கு, புளுட்சாவ் என்று இரண்டு ஜெர்மானியர்கள் இந்தக் கரையில் வந்து இறங்குகிறார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய பாதிரியார்கள். சீகன்பால்குவுக்கு வயது ஏறக்குறைய 24. ஊருக்குப் போதிக்க வந்தவருக்கு ஊர் பேசும் மொழி தெரியாது. என்ன செய்தார் தெரியுமா? எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பள்ளி தொடங்கப் போகிறவர் முதலில் ஒரு பள்ளியில் கடைசி மாணவராகச் சேர்ந்திருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்த இடம்தான்.

சரி, அடுத்த வருடமே, 1707-இல், பாதிரியார்களின் சொந்தப் பள்ளிகள் தொடங்கிவிட்டன. ஒன்றில் தமிழ், இன்னொன்றில் போர்த்துகீசியம். அந்தக் காலத்தில் துறைமுக ஊர்களில் வியாபாரம் பேச போர்த்துகீசியம்தான் பொதுமொழி. பெண் பிள்ளைகளுக்கும் அந்த வருடமே வகுப்பு ஆரம்பித்தது. 'இந்தியாவிலேயே முதல்' என்று பலர் சொல்வார்கள். அந்தப் போட்டிக்குள் நான் போகவில்லை. ஆனால் 1707-இல் ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தது சாதாரணக் காரியமா?

பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் பள்ளியே கொடுத்தது. அதற்குப் பணம்? முதலில் இவர்கள் சம்பளத்திலிருந்துதான் போனது. ஐரோப்பாவிலிருந்து நன்கொடை வந்தது, ஆனால் 1708-இல் வந்த பணம் கப்பலிலிருந்து கரைக்கு வரும் வழியிலேயே கடலில் போய்விட்டது. இதோ, இந்த அலைக்குள் எங்கேயோ! போதாததற்கு, உள்ளூர் டேனிஷ் கவர்னரோடு தகராறு முற்றி, சீகன்பால்குவை இதே கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்துவைத்தார்கள். 1709-இல் புதிய ஆட்களும் பணமும் வந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

அப்புறம் புத்தகப் பிரச்சினை. தமிழில் அதுவரை பெரும்பாலும் ஓலைச்சுவடிதான். எழுத ஆள் வைத்து ஒவ்வொரு படியாக எழுத்தாணியால் கீற வேண்டும். ஒரு வகுப்புக்கே கட்டுப்படியாகாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த மனுஷன் நம் சுவடிகளைச் சும்மா புரட்டிவிட்டு வைக்கவில்லை. கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் 1708-லேயே ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். திண்ணையில் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்ன அதே பாட்டுகள்!

1712-இல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. மறுவருடம் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. ஆனால் எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக இருந்ததால் காகிதம் மளமளவென்று கரைந்தது. காகிதமும் கப்பலில்தானே வர வேண்டும்? அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கியதாகச் சொல்வார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1716-இல் உள்ளூர் ஆட்களையே வாத்தியார்களாகவும் உபதேசியார்களாகவும் (பாதிரியாருக்கு உதவியாக மதம் போதிப்பவர்கள்) தயார்செய்ய ஒரு பயிற்சிப் பள்ளியும் வந்தது.

1719 பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்தார். வயது 36 மட்டும்தான். இந்தத் தெருவில் கொஞ்சம் நடந்தால் 1718-இல் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம். கல்லறை அதற்குள்ளேதான் இருக்கிறது. முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரை இன்னும் தெரியும். வெயில் ஏறுவதற்குள் அங்கே போய்விடலாம், வாருங்கள்.