நெல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் உண்மையான வட்டி எவ்வளவு?

சரி, அடுத்த கேள்வி. கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார்கள். வாசிக்கிறேன்.

"ஐயா, எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் 2 ஏக்கர் நெல். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். பட்டா இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது, அவர் தவறிவிட்டார். விதைப்புக்கும் உரத்துக்கும் ஊரில் உள்ள நெல் வியாபாரியிடம் 30,000 ரூபாய் வாங்கலாம் என்று இருக்கிறேன். நூற்றுக்கு 2 வட்டி. அறுத்ததும் நெல்லை அவருக்கே போட வேண்டும். குவிண்டால் 2,200 என்று பேசியிருக்கிறார். களத்துக்கே வந்து எடுத்துக்கொள்வார். சொசைட்டிக்கு அலைவதைவிட இது மேல் இல்லையா?"

அம்மா, கேள்வியிலேயே எல்லாக் கணக்கையும் கொடுத்துவிட்டீர்கள். அதை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

2 வட்டி என்றால் மாதம் 600 ரூபாய். புரட்டாசியில் வாங்கி மாசியில் அடைக்கிறீர்கள் என்றால் 5 மாதத்துக்கு 3,000. இது கண்ணுக்குத் தெரிகிற வட்டி. இதைப் பார்த்துத்தான் "பரவாயில்லையே" என்று நினைக்கிறீர்கள்.

இப்போது விலைக்கு வருவோம். 2025-26 பருவத்துக்கு அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதா ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. நீங்கள் சாதா ரகம் போடுவதாகவே வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 300 ரூபாய். அங்கே கொண்டுபோக வண்டி வாடகை, சுமைக்கூலி எல்லாம் உண்டு. அதற்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் தாராளமாகவே கழித்துவிடுவோம். மீதி 200. ஏக்கருக்கு 15 குவிண்டால் என்று 2 ஏக்கரில் 30 குவிண்டால் கண்டால் 6,000 ரூபாய். இதையும் வட்டியோடு சேருங்கள். 30,000 ரூபாய்க்கு 5 மாதத்தில் 9,000. மாதம் 1,800. அது 2 வட்டி இல்லை அம்மா, 6 வட்டி.

எடையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. சின்ன வயதில் எங்கள் அய்யாவோடு களத்தில் நின்றிருக்கிறேன். மூன்று கம்பை முக்காலியாகக் கட்டி, அதில் கொக்கித் தராசு தொங்கும். வியாபாரியின் ஆள் ஒவ்வொரு மூட்டையையும் மாட்டி, முள் ஆடி நிற்பதற்கு முன்பே எடையைக் கத்துவான். சாக்குக்கு 1 கிலோ கழிவு, ஈரத்துக்கு 2 கிலோ கழிவு. எங்கள் அய்யா நாலு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். நெல் நன்றாகக் காய்ந்திருந்தால் 'கடக்'கென்று உடையும், எனக்கே கேட்கும். ஈரமே இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். ஐப்பசியில் கைநீட்டிப் பணம் வாங்கியாயிற்றே. 60 கிலோ மூட்டையில் 3 கிலோ போனால் உங்கள் 30 குவிண்டாலில் ஒன்றரைக் குவிண்டால் போகிறது. 2,200 விலைக்கு அது மட்டும் 3,300 ரூபாய். இன்றைக்கு மின் தராசு வந்துவிட்டது. கழிவு மட்டும் பல ஊர்களில் அப்படியே இருக்கிறது.

நான் உங்களிடம் சொல்ல நினைப்பது இதுதான். கடன் கொடுப்பவரும் நெல் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. வட்டி கூடினாலும் குறைந்தாலும் அது ஓரளவுக்குத்தான். "இந்த விலைக்குத் தர மாட்டேன்" என்று சொல்கிற உரிமை போய்விடுகிறது பாருங்கள், பெரிய நட்டம் அங்கேதான் இருக்கிறது.

விலை எப்படி ஆளைச் சாய்க்கும் என்பது நம் செட்டிநாட்டுக்குப் புதிது இல்லை. பெரிய வீடுகளில் நிற்கிற பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால் நெல் கடன்தான் இருக்கிறது. கீழ்ப் பர்மாவில் நெல் விவசாயிகளுக்கு நகரத்தார், அதாவது நம் செட்டியார்கள், வட்டிக்கடை வைத்துப் பணம் கொடுத்தார்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்து 1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் ரூபாயில் எழுதியது எழுதியபடியே நின்றது, அதை அடைக்க விற்கவேண்டிய நெல் மட்டும் கூடிக்கொண்டே போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1937-க்குள் அது 25 சதவீதமாகிவிட்டது. கொடுத்தவர்களும் நிலத்தைக் கேட்டுப் போகவில்லை, அவர்களுக்குப் பணம்தான் வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் நிலத்தை இழந்தார்கள், கொடுத்தவர்கள் பிற்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நீங்கள் சொல்கிற சொசைட்டியில், அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் நம் மாநிலத்தில் வட்டி கிடையாது. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு என்றால் 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக ஆண்டுக்கு 4 சதவீதம். உங்கள் 30,000-க்கு 5 மாதத்துக்கு 500 ரூபாய். அந்த 9,000-த்தையும் இந்த 500-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கெடு தேதியை மட்டும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள், ஒரு நாள் தவறினாலும் சலுகை போய்விடும்.

ஆனால் நீங்கள் அலைய மனமில்லாமல் வியாபாரியிடம் போவதாக நான் நினைக்கவில்லை. பட்டா மாமனார் பேரில் இருந்தால் சொசைட்டியில் திருப்பி அனுப்புவார்கள். நான் கூட்டுறவில் வேலை பார்த்த காலத்தில் இப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர், பாதிக்கு மேல் பெண்கள்தான். வெயிலில் நடந்து வந்து, மஞ்சள் பையிலிருந்து மடித்த சிட்டாவை எடுத்துக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். "பேர் மாற்றிக்கொண்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் மனதை அறுக்கிறது. அதனால்தான் இவ்வளவு நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

முதலில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் பட்டா மாறுதல். இழுத்தடித்தால், வருசத்துக்கு ஒருமுறை தாலுகாவில் கிராமக் கணக்குகளைப் பார்க்கிற ஜமாபந்தியில் மனு கொடுங்கள். அப்புறம், விதைத்தவுடன் வி.ஏ.ஓ.விடம் சொல்லி, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல் கணக்கில் பயிரை ஏற்றச் சொல்லுங்கள். கொள்முதல் நிலையத்திலும் அடங்கல் கேட்பார்கள். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதனால் மெஷினில் அறுத்த நெல்லை அப்படியே ஏற்றாமல் காயப்போட்டுக் கொண்டுபோங்கள்.

இந்த வருசத்துக்குப் பணம் அவசரம் என்றால், வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து வாங்குங்கள். 1 வட்டிக்குள் முடியும். நகையும் இல்லை, அந்த வியாபாரியை விட்டால் வழியே இல்லை என்றால், அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, வட்டி வேண்டுமானால் 3 போட்டுக்கொள்ளுங்கள், நெல்லை நான் விலை பார்த்துப் போடுகிறேன்." 3 வட்டியே கொடுத்தாலும் 5 மாதத்துக்கு 4,500தான், 9,000-த்தில் பாதி. ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சான்று மனுவில் எங்கேயாவது சிக்கினால் கீழே எழுதுங்கள் அம்மா, அதற்கென்றே தனியாக ஒரு வீடியோ போடுகிறேன்.