அச்சு வெட்டிய பிறகு

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அன்போடு அழைத்த கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் அருமையாக உரையாற்றி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கையில் தொடும் பொருளைச் செய்து விற்கும் தொழில் தொடங்க என்ன வேண்டும்? முதலீடு, காலம், ஆள்பலம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். காலத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இணையத் தொழில் தொடங்குகிறவர் கொஞ்சம் பதறினாலும் பிழைத்துக்கொள்வார். 2006-இல் அமேசான் இணையதளங்களை இயக்கும் சர்வர் கணினிகளை வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு அவருக்குச் சொந்த இயந்திரம்கூட வேண்டியதில்லை. காலையில் பிழை தெரிந்தால் மதியத்துக்குள் சரிசெய்துவிடலாம். பொருள் செய்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பிளாஸ்டிக் உறைக்கு எஃகில் அச்சு வெட்டவே வாரக்கணக்கில் ஆகும். திருகுத் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால்? எஃகைச் சுரண்டி எடுப்பது எளிது. எடுத்ததைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.

ஜாபோன் என்ற அமெரிக்க மின்னணு நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். 2011 நவம்பரில் ‘அப்’ என்ற கைப்பட்டையைக் கொண்டுவந்தார்கள். விலை 99 டாலர். எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் உறங்கினோம், எல்லாம் சொல்லும். ஆசை ஆசையாக வாங்கி மணிக்கட்டில் மாட்டினார்கள். கொஞ்ச நாளில் பலருடைய பட்டையில் சார்ஜ் நிற்கவில்லை! தேடிப் பார்த்தால், உள்ளே இருந்த கெபாசிட்டர் என்ற சின்னஞ்சிறு மின்பாகத்தில் கோளாறு. மென்பொருள் என்றால் ஒரே இரவில் அப்டேட் போயிருக்கும். கெபாசிட்டரை எப்படி அனுப்புவது? டிசம்பரிலேயே உற்பத்தியை நிறுத்தினார்கள். வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் தருகிறோம், பட்டையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். மறுபடி கடைக்கு வர 2012 நவம்பர் ஆயிற்று. பதறாத காரியம் சிதறாது, நண்பர்களே!

முதலீடு பற்றித் தலைவர் அவர்களே விரிவாகப் பேசிவிட்டார்கள். ஆகவே ஆள்பலத்துக்கும், அதையொட்டிய என் கோரிக்கைக்கும் நேரே வருகிறேன்.

மென்பொருள் பழக ஒரு மடிக்கணினி போதும். பொருள் செய்யப் பழக உலோகம் கடையும் லேத் வேண்டும், மின்பாகங்களைப் பற்றவைக்கும் சாலிடரிங் மேசை வேண்டும், மின்அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். பத்துப் பொருளைச் செய்து, வளைத்து, நனைத்து, கீழே போட்டு உடைத்துப் பார்த்தவன்தான் பத்தாயிரம் செய்யத் துணியலாம். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவர்கள் மின்னணுக் கருவிகள் செய்து பழக உருவான ஆர்டுயினோ என்ற சின்ன மின்சுற்றுப் பலகை உலகெங்கும் பரவியது. அப்படிக் கைகள் பழகத் தேவையான கருவிகள் கல்லூரிப் பட்டறைகளில் இருக்கின்றன, ஆனால் மாலையானால் பூட்டிவிடுகிறோம். இரவிலும் திறந்து வையுங்கள். படிப்பை முடித்துப் போனவர்களையும், கல்லூரியே பார்க்காத மெக்கானிக்குகளையும் உள்ளே விடுங்கள். பட்டறை உதவியாளருக்குக் கூடுதல் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். அவர் இல்லாமல் எதுவும் நடக்காது.

கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை முதல்வர் அவர்களே இட வேண்டும் என்று பணிவோடு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.